முப்பத்தெட்டு ஓம்

பொதட்டூர்பேட்டைக்கு வடக்கே
தணிகாசலத்தின் கொட்டகை. பதினாறு விசைத்தறி.
பதினோராவதைத் தொட்டால்
"சும்மா சுர்ருங்குது, அவ்ளோதான்" என்றார் சுலோச்சனா,
இழை அறுந்ததைச் சொல்வது போல.
செருப்பு போடாத நாளில் கொஞ்சம் அதிகமாம்.
மழை பெய்தால் அதை மட்டும் ஓட்டுவதில்லையாம்.

பேனலைத் திறந்தேன்.
கசிவைக் கண்டதும் அறுத்துவிட வேண்டிய பிரேக்கரை
ஒரு கம்பித் துண்டு தாண்டிப் போயிருந்தது.
"அது அடிக்கடி விழுது மேடம், தறி நின்னுடுது."
விழுவதுதான் அதன் வேலை என்று நான் சொல்லவில்லை.
தறி நின்றால் கூலி நிற்கும் என்று
அவர்களும் சொல்லவில்லை.

எர்த் குழியின் மூடிமேல் ஸ்கூட்டர் நின்றது.
நகர்த்திப் பார்த்தால்
நாலு கோடை தண்ணீர் காணாத குழாய்,
கரியும் உப்பும் எந்தக் காலத்திலோ.
மீட்டர் முப்பத்தெட்டு ஓம் என்றது.
"ஓம் எத்தனை சொன்னாலும் நல்லதுதானே" என்று
தணிகாசலம் சிரித்தார்.

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் வகுத்தேன்:
இருநூற்று நாற்பது, முப்பத்தெட்டு, ஆறு சொச்சம்.
இப்போது சுர்ர் மட்டும்.
மோட்டார் சுருளின் வார்னிஷ் முழுதாக விட்டுப்போனால்
அந்த ஆறு ஆம்பியர் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும்,
முப்பத்திரண்டு ஆம்பியர் ஃபியூஸ் தூங்கிக்கொண்டே இருக்கும்,
தறியின் இரும்புச் சட்டம் உயிரோடு நிற்கும்.
மீதியை ஓர் ஈரக் கால் முடித்து வைக்கும்.

நாலு ஊசி, ஒரே வரிசை.
இரண்டு மீட்டர், நாலு, எட்டு.
ஜெயபால் நாடாவை இழுத்துக்கொண்டே போனான்.
ஒரு முழம் மண், அதன் கீழே கருங்கல்,
எங்கே அடித்தாலும் ஊசி எகிறியது.
எல்லைக்கல்லைத் தாண்டி மாந்தோப்பில் இறங்கியபோது
எண் சட்டென்று விழுந்தது:
கால்வாய் கசிந்து ஊறிய களிமண்.
ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மொகிலி கேட்டார்,
"நீள்ளு சூஸ்துன்னாரா?"
அவுனு என்றேன். கிட்டத்தட்ட அதைத்தான்.

தோப்பு தணிகாசலத்தின் மச்சினன் பேரில்.
"முப்பது மீட்டர் செம்புப் பட்டை.
ராத்திரியோட ராத்திரி புதைச்சுடலாம்.
இது தமிழ்நாடு, அது ஆந்திரான்னு
கரண்டுக்கு என்ன மேடம் தெரியும்?"

தெரியாதுதான்.
பென்சிலால் அந்தக் கோட்டை இழுத்தும்விட்டேன்.
மலிவு, குட்டை, நாலு ஓமுக்குக் கீழே.
இழுத்த பிறகு தலை நிமிர்ந்தால்
கசிவில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது ஒரு வெள்ளாடு.

இங்கே பழுதானால் அங்கே ஏறும்.
குளத்தில் கல் விழுந்தாற்போல்
கம்பியைச் சுற்றி வட்டம் வட்டமாக வோல்ட் இறங்கும்.
ஆட்டின் முன்கால் ஒரு வட்டத்தில்,
பின்கால் இன்னொன்றில்.
பக்கத்தில் மொகிலி, வெறுங்காலோடு,
எந்த ஊர்ப் பேனலில் எந்தக் கம்பியை
யார் மாட்டினார்கள் என்று அறியாமல்.

ரப்பர் அழித்த தூளை ஊதிவிட்டேன்.

இந்தப் பக்கமே துளைப்போம் என்றேன்.
போர் வண்டி, நூறடி, மூன்று இடம்,
பென்டோனைட் கூழ்,
பதினாறு தறியையும் கோர்க்கிற ஒரே செம்பு வளையம்.
பதினோராம் மோட்டார் இன்றைக்கே ரீவைண்டிங்குக்கு.
மதிப்பீடு இரட்டிப்பானது.
தணிகாசலம் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை.
மூன்றாம் நாள் ஜிஎஸ்டி உண்டா என்று மட்டும் கேட்டார்.

கடைசித் துளைக்குப் பின் நாலு புள்ளி ஒன்று.
ஐம்பத்தெட்டு ஆம்பியர்: ஃபியூஸ் விழிக்கும்,
சோம்பல் முறித்துத்தான்.
பிரேக்கர் அதற்கு முன்பே.
தாண்டிப் போன கம்பித் துண்டு என் பையில்.

சுலோச்சனா பதினோராம் தறியைப் புறங்கையால் தொட்டார்.
உள்ளங்கை என்றால் விரல் மடங்கிப் பிடித்துக்கொள்ளும்.
யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.
ஒன்றுமில்லை என்றார்,
கொஞ்சம் ஏமாந்தவர் போல.

நாலாம் நாள் காலை போன்.
"மேடம், விழுந்துடுச்சு."
எந்தத் தறி?
"ஏழு."
ஏழை நான் சந்தேகப்படவே இல்லை.
அவருக்குப் பின்னால்
ஒரு தறிச் சத்தமும் இல்லை.